சுமை ஏற்றிப் பார்த்த வாரம்

மே 6, திங்கள்

பள்ளியிலிருந்து மூன்று எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் சப்ளை) வந்து சேர்ந்தன. விடுமுறை முடிவதற்குள் கணினி ஆய்வகத்தின் 20 மெஷினுக்கும் புதிதாக மாற்ற வேண்டும், இந்த மூன்றில் எதை வாங்கலாம் என்று கணினி டீச்சர் கேட்டிருக்கிறார். மூன்றிலும் 450 வாட் என்றுதான் போட்டிருக்கிறது. விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். நிறுவனப் பெயர் கண்ணில் பட்டால் மனது சாயும். ஸ்டிக்கரில் பெயரை மட்டும் மறைத்து அ, ஆ, இ என்று மார்க்கரால் எழுதினேன். 'அ' மலிவானது, 'இ' விலை கூடியது.

பெரிய எழுத்தில் இருந்ததை விட்டுவிட்டுப் பக்கவாட்டு அட்டவணையைப் பார்த்தேன். 'அ'வில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். மீதியை 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். பென்டியம் 3 காலத்தில் பிராசஸரே 5 வோல்ட்டிலிருந்து எடுத்தது, அப்போது அந்தக் கணக்குக்கு அர்த்தம் இருந்தது. பென்டியம் 4 வந்ததும் பிராசஸருக்கென்று தனியாக 4 பின் 12 வோல்ட் இணைப்பு வந்துவிட்டது. இன்றைய மெஷினுக்கு 12 வோல்ட் எவ்வளவு கொடுக்கும் என்பதே கேள்வி. 'ஆ'வில் 30 ஆம்பியர், 360 வாட். 'இ'யில் 36, அதாவது 432.

ஆய்வக மெஷின்களில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. வாட் மீட்டர் வைத்துப் பார்த்தால் 90 வாட்டைத் தாண்டுவதில்லை. அப்படியானால் 'அ'வே போதுமே என்று தாளாளர் கேட்பார். கேட்க வேண்டியதுதான், பள்ளிப் பணம். போதாது என்று எனக்குத் தோன்றுவதை அளந்து காட்ட வேண்டும்.

மே 7, செவ்வாய்

மூடியைத் திறந்தேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். உதவிக்கு இருக்கும் தம்பியிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். "தெரியும்ணே" என்கிறான். இருந்தாலும் சொல்வேன்.

'அ'வில் கரண்ட் நுழையும் இடத்தில் வடிகட்டிக் காயில் இல்லை. அந்த இடத்தில் இரண்டு ஜம்பர் வயர். எக்ஸ் கெபாசிட்டர், ஒய் கெபாசிட்டர் இடங்கள் காலி. திடீர் மின்னழுத்தத்தை விழுங்கும் எம்ஓவியும் இல்லை. போர்டில் அவற்றுக்கான ஓட்டையும் குறியும் அச்சாகி இருக்கின்றன. வரைந்தவருக்கு இவை தேவை என்று தெரிந்திருக்கிறது, தயாரித்தவர் எடுத்துவிட்டார். தெரியாமல் விட்டதை மன்னிக்கலாம், இதை என்னால் முடியவில்லை.

'அ'வின் கெபாசிட்டர்கள் 85 டிகிரி ரகம். மற்ற இரண்டிலும் 105. 'இ'யில் ஜப்பான் தயாரிப்பு. சூடு 10 டிகிரி கூடினால் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது பொது விதி. எழுதியிருக்கும் மணி நேரம் ஒன்றாகவே இருந்தாலும் 85க்கும் 105க்கும் நான்கு மடங்கு வித்தியாசம்.

மே 9, வியாழன்

பச்சை வயரைக் கருப்போடு சேர்த்தால் எஸ்எம்பிஎஸ் ஓடும். ஓடினால் நல்லது என்று கட்டிக் கொடுத்துவிடுவது கடைகளில் வழக்கம். உயிர் இருக்கிறதா என்பதற்கு மேல் அதில் எதுவும் தெரியாது. சுமை ஏற்ற வேண்டும்.

எலக்ட்ரானிக் லோடு வாங்க வசதியில்லை. கார் ஹெட்லைட் பல்புகளைப் பலகையில் வரிசையாகப் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் சுவிட்ச் வைத்திருக்கிறேன். 55 வாட் பல்பு ஒன்று சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும். 5 வோல்ட்டுக்கு 1 ஓம் அலுமினியம் ரெசிஸ்டர். பல்புகளை ஒரே நேரத்தில் போடக் கூடாது. குளிர்ந்த இழைக்கு மின்தடை மிகக் குறைவு, முதல் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். நல்ல சப்ளைகூட ஷார்ட் என்று நினைத்து அணையும். ஒவ்வொன்றாகப் போட்டால் அதுவே சுமை திடீரென்று ஏறும்போது வோல்ட்டேஜ் எப்படித் தாங்குகிறது என்று காட்டும் சோதனையாகிவிடுகிறது.

ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும்: 11.40 முதல் 12.60 வரை. 'அ' மூன்றாவது பல்பிலேயே 11.31க்கு இறங்கியது. அதே சமயம் 5 வோல்ட் 5.29க்கு ஏறியது, அதன் எல்லை 5.25. ஒரே காயிலில் இரண்டையும் சுற்றி, இரண்டின் சராசரியைப் பார்த்துக் கட்டுப்படுத்தும் பழைய முறை இது; ஒன்று தாழ்ந்தால் மற்றது எழும்பும். 'ஆ'வும் 'இ'யும் முதலில் 12 வோல்ட்டை மட்டும் உண்டாக்கி, அதிலிருந்து தனி மாட்யூலில் 5ஐயும் 3.3ஐயும் எடுக்கின்றன. ஆறு பல்பிலும் 'ஆ' 11.87, 'இ' 11.98.

ரிப்பிள், அதாவது வோல்ட்டேஜில் எழும் சிற்றலை, பார்க்கப் பழைய ஆஸிலாஸ்கோப். முனையில் 10 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக்கும் 0.1 மைக்ரோ செராமிக்கும் வைத்து, 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பில் பார்க்க வேண்டும். 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட் வரை அனுமதி. 'அ' 190, 'ஆ' 60, 'இ' 25.

இன்னொரு கணக்கு. ஆய்வக மெஷினின் அளவுக்கு, 75 வாட் சுமையில் 'அ' சுவரிலிருந்து 108 வாட் எடுத்தது, 'இ' 88, 'ஆ' 91. 'அ'வுக்கும் 'இ'க்கும் வித்தியாசம் 20 வாட். 20 மெஷினுக்கு 400. தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் 2 யூனிட். அது முழுவதும் அந்த அறையில் சூடாக இறங்குகிறது.

மே 10, வெள்ளி

80 பிளஸ் என்ற மின்திறன் சான்றிதழுக்கான சோதனை 23 டிகிரி அறையில் நடப்பது. மதுரையில் மே மாதம் என் கடைக்குள் 38. 'ஜானிகுரு' என்ற பெயரில் எழுதிய ஜான் கெரோவின் தளம் சூடான பெட்டிக்குள் வைத்துச் சோதிப்பதைப் பிடிவாதமாகச் செய்தது. இந்த ஊரில் இருப்பவனுக்கு அதன் அருமை நன்றாகவே தெரியும். அட்டைப் பெட்டியால் மூடி உள்காற்றை 45க்கு ஏற்றினேன். 'அ'வின் ரிப்பிள் இன்னும் கூடியது. மற்ற இரண்டும் அசையவில்லை. மாலையில் கரண்ட் போய்விட்டது, இதோடு சரி.

மே 11, சனி

இந்த வாரத்தில் முக்கியமான நாள். கரண்ட் நின்ற பிறகு சப்ளை எத்தனை மில்லி செகண்டு தாக்குப்பிடிக்கிறது என்பதை அளந்தேன்.

மோட்டார் வைண்டிங் கடை அண்ணனிடம் வேரியாக் இரவல் வாங்கினேன். ஸ்கோப்பின் ஒரு சானலில் சின்ன ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வழியாக மெயின்ஸ், இன்னொன்றில் 12 வோல்ட், பிறகு சாம்பல் வயர். 75 வாட் சுமை. 230 வோல்ட்டில் 'அ' 28 மில்லி செகண்டு நின்றது. பரவாயில்லை என்று தோன்றும். வேரியாக்கை 190க்கு இறக்கினேன்: 11 மில்லி செகண்டு. 'ஆ' இரண்டிலும் 50ஐ ஒட்டி, 'இ' இரண்டிலும் 80க்கு மேல்.

காரணம் இதுதான். 'அ'வில் ஆக்டிவ் பிஎஃப்சி இல்லை. அதன் பெரிய கெபாசிட்டர்களில் சுவரில் வரும் வோல்ட்டேஜின் உச்சம் மட்டுமே நிற்கும். சேமிக்கும் ஆற்றல் வோல்ட்டேஜின் வர்க்கத்தில் குறைவதால், கொஞ்சம் இறங்கினாலும் கையிருப்பு கரைந்துவிடுகிறது. மற்ற இரண்டும் உள்ளே வருவது 190 ஆனாலும் 230 ஆனாலும் 380 வோல்ட் அளவுக்கு ஏற்றி வைத்துக்கொள்கின்றன. லோ வோல்ட்டேஜ் வரும் இடத்தில்தான் கரண்டும் அடிக்கடி போகும். அங்கேதான் 'அ' கைவிடுகிறது.

கடை இன்வெர்ட்டரோடு வைத்தும் பார்த்தேன். யூபிஎஸ் மோடில் மாறும் இடைவெளி 8 மில்லி செகண்டு. நார்மல் மோடில் 24. அந்த மோடு குறைந்த வோல்ட்டேஜையும் அப்படியே உள்ளே விடும். ஆக 'அ' பலவீனமாக இருக்கும் நேரத்தில் நீளமான இடைவெளியும் சேர்ந்து வருகிறது.

சாம்பல் வயர்தான் மதர்போர்டுக்கு 'பவர் சரி' என்று சொல்வது. வோல்ட்டேஜ் எல்லைக்கு வெளியே போவதற்குக் குறைந்தது 1 மில்லி செகண்டு முன்பே அது இறங்க வேண்டும். 'அ'வில் 12 வோல்ட் 11.4க்குக் கீழே போன பிறகும் சாம்பல் வயர் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஹார்டு டிஸ்க் எழுதிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளின் பிராஜெக்ட் ஃபைல் கெட்டுப்போவதாக டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. வைரஸ் என்று எண்ணி பார்மட் அடித்திருக்கிறார்கள்.

மே 12, ஞாயிறு

உயிரை எடுக்கும் சோதனையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 'ஆ' ஒன்பதாவது பல்பில் அமைதியாக அணைந்தது. பல்புகளை நிறுத்திவிட்டுப் போட்டால் மறுபடி ஓடியது. 'இ'யும் அப்படியே, ஒரு பல்பு கூடுதலாக. 'அ' ஐந்தாவதில் அணையவில்லை. வாடை வந்தது, பிறகு வெடித்தது. கண்ணாடியும் மணல் வாளியும் இல்லாமல் யாரும் இதைச் செய்யக் கூடாது.

பாதுகாப்பு இருப்பது மட்டும் போதாது, அது எந்த இடத்தில் விழிக்கிறது என்பதும் முக்கியம். 2021இல் கேமர்ஸ் நெக்சஸ் என்ற யூடியூப் சேனல் தோலுரித்த கிகாபைட் பி750ஜிஎம் எஸ்எம்பிஎஸ் விவகாரம் அதுதான். அதிகச் சுமையில் அணைய வேண்டிய எல்லை 120 முதல் 150 சதவீதம் வரை தளர்வாக இருந்தது. பிறகு நிறுவனமே அதை 110 முதல் 120க்குக் குறைத்தது.

மே 13, திங்கள்

பள்ளிக்குப் போய் 'இ'யை ஒரு மெஷினில் மாட்டினேன். "சார், புதுசு கேபினட்டைத் தொட்டா சுரீர்னுது. பழசு ஒண்ணும் செய்யாதே" என்றார் டீச்சர். மீட்டரில் கேபினட்டுக்கும் தரைக்கும் 110 வோல்ட். சாக்கெட்டின் எர்த் பின்னில் ஒன்றுமே இல்லை. வயர் போர்டுக்குள்ளேயே அறுந்து கிடக்கிறது.

ஒய் கெபாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குப் போகின்றன. எர்த் இல்லையென்றால் பாடி இரண்டுக்கும் நடுவில், பாதி வோல்ட்டேஜில் நிற்கும். பழையதில் அந்தக் கெபாசிட்டரே இல்லாததால் சுரீர் இல்லை. இதனாலேயே பல ஊர்களில் மலிவானதை நல்லது என்றும் நல்லதைக் கோளாறு என்றும் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரு மெஷினில் அந்தக் கசிவு மிகச் சிறியது. எர்த் பின் வழியாக ஒன்றோடொன்று கோத்த 20 மெஷினில் எல்லாம் கூடிக்கொள்ளும். பிள்ளைகள் தொடும் இடம்.

லேப் இன்வெர்ட்டரின் பின்பக்க சுவிட்சும் நார்மலில் இருந்தது. யூபிஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டு வந்தேன்.

மே 15, புதன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். 'இ' மூன்றிலும் சிறந்தது, ஆனால் 90 வாட் மெஷினுக்கு 'ஆ' செய்வதே போதும். 'இ'க்கும் 'ஆ'வுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் புது எர்த் பிட் போட்டு, 20 சாக்கெட்டுக்கும் எர்த் வயர் இழுக்க வேண்டும். எர்த் வேலை முடிந்த பிறகே சப்ளை மாற்றம். தாளாளர் 'அ'வின் விலையை இன்னொரு முறை கேட்டார். ஸ்கோப் படத்தில் 11 மில்லி செகண்டைக் காட்டினேன், எர்த் வேலைக்கே முதலில் ஒப்புதல் போட்டார்.

சாம்பிளில் இருக்கும் கெபாசிட்டர் மொத்தச் சரக்கிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. பெட்டிகள் கடைக்கே வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொன்றும் இரண்டு பல்பில் ஒரு மணி நேரம் ஓட வேண்டும், 190 வோல்ட்டில் ஒரு முறை கரண்டை வெட்டிப் பார்க்க வேண்டும். வேரியாக்கை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ள அண்ணனிடம் கேட்கணும்.