ஒத்துவருவதெல்லாம் உண்மையாகுமா?

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுது. நம் பங்கைச் சேர்ந்த மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தந்தையுடன் நம் இல்லத்திற்கு வந்தாள். குருமடம் புகுமுன் கல்லூரியில் வேதியியல் பயின்றோம். குருவானபின் சில ஆண்டுகள் பள்ளியில் அதனைக் கற்பித்தும் இருக்கிறோம். அதனை அறிந்த பெற்றோர், தேர்வு நெருங்குங்கால் பிள்ளைகளை நம்மிடம் அனுப்புவது வழக்கம்.

“சாமி, வினையின் வேகத்தைச் சோதனையில் அளந்துவிடலாம். ஆனால் மூலக்கூறுகள் உள்ளே எந்த வழியாகப் போயின என்று எப்படிச் சொல்வது? யாரும் பார்க்கவில்லையே?” என்றாள்.

நல்ல வினா. தாளை எடுத்து எழுதிக் காட்டினோம்.

நைட்ரஜன் டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் வினைபுரிந்து நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. சமன்பாட்டை மட்டும் காண்பவர், இரண்டு மூலக்கூறுகள் ஒருமுறை மோதி, ஓர் ஆக்சிஜன் அணு கைமாறியது என்றே எண்ணுவர். அவ்வாறாயின், இரண்டில் எதன் செறிவை இரட்டித்தாலும் வேகம் இரட்டிக்க வேண்டும். ஆயின் ஏறத்தாழ 225 டிகிரி செல்சியசுக்குக் கீழே சோதனை வேறு விடை தருகிறது. கார்பன் மோனாக்சைடை இரட்டித்தால் வேகத்தில் மாற்றமே இல்லை. நைட்ரஜன் டை ஆக்சைடை இரட்டித்தால் வேகம் 4 மடங்காகிறது. எனவே, ஒரே மோதல் என்னும் எண்ணம் தள்ளுபடியாகிறது.

“திருவிழா அசனத்தை நினைத்துப் பார், அம்மா. இலை போட ஒருவர், சோறு வைக்க ஒருவர், குழம்பு ஊற்ற ஒருவர். சோறு வைப்பவர் மெதுவாக வந்தால், குழம்பு ஊற்ற இன்னும் நால்வர் வந்தும் பந்தி விரையுமா?” என்றோம். அவள் சிரித்தாள். கார்பன் மோனாக்சைடு குழம்பு வாளியோடு காத்து நிற்பது. மெதுவான படியில் அதற்கு வேலையில்லை. அப்படியில் மோதுவன இரண்டு நைட்ரஜன் டை ஆக்சைடு மூலக்கூறுகளே என்று கொள்வோம். அவற்றிலிருந்து நைட்ரிக் ஆக்சைடும், மூன்று ஆக்சிஜன் அணுக்களைத் தாங்கிய நைட்ரஜன் டிரை ஆக்சைடும் பிறக்கின்றன. பின்னது விரைந்து கார்பன் மோனாக்சைடுக்கு ஓர் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு, மீண்டும் டை ஆக்சைடு ஆகிறது. இவ்விரு படிகளையும் கூட்டினால், இடையில் தோன்றிய பொருள் நீங்கி, முதலில் எழுதிய சமன்பாடே கிடைக்கிறது. மெதுவான படியோ, சோதனை கண்ட வேக விதியையே தருகிறது. இரண்டு தேர்விலும் இவ்வழி தேறிவிட்டது.

அவள் முகம் மலர்ந்தது. “அப்படியானால் இதுதான் உண்மையான வழி என்று நிரூபணமாகிவிட்டது, இல்லையா சாமி?” என்றாள்.

உடனே “ஆம்” என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவில் வந்து தடுத்தது.

அது 2004ஆம் ஆண்டு. பள்ளித் தேர்வு ஒன்றில், ஹைட்ரஜனும் அயோடினும் சேர்ந்து ஹைட்ரஜன் அயோடைடு ஆகும் வழியை எழுதுமாறு கேட்டிருந்தோம். ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் போடன்ஸ்டைன் 1890களில் ஆராய்ந்த வினை அது. அதன் வேகம் ஹைட்ரஜன் செறிவு, அயோடின் செறிவு ஆகிய இரண்டன் பெருக்கத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆகவே இரண்டு மூலக்கூறுகளும் ஒரே மோதலில் வினைபுரிகின்றன என்று நூல்கள் கூறின. நாமும் அவ்வாறே கற்பித்தோம்.

ஒரு மாணவன் வேறுவிதமாக எழுதியிருந்தான். அயோடின் மூலக்கூறு முதலில் இரண்டு அணுக்களாகப் பிரிவதும் மீண்டும் கூடுவதுமாகச் சமநிலையில் நிற்கும். பின்னர் அவ்விரு அணுக்களும் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறோடு சேர்வதே மெதுவான படி என்றான். கீழே கணக்கும் போட்டிருந்தான். மெதுவான படியின் வேகம் அயோடின் அணுச் செறிவின் வர்க்கத்தையும் ஹைட்ரஜன் செறிவையும் பொறுத்தது. சமநிலையினால் அவ்வர்க்கம் அயோடின் மூலக்கூற்றின் செறிவுக்கு நேர்விகிதமாகும். ஆகவே கிடைப்பது அதே வேக விதி.

நாம் சிவப்பு மையினால் குறுக்கே கோடிட்டுச் சுழி மதிப்பெண் இட்டோம். அதோடு நில்லாமல், “நூல் எழுதியவர்களைவிட நீ பெரியவனோ?” என்று வகுப்பில் கேட்டோம். வகுப்பே சிரித்தது. “கணக்கு ஒத்துவருகிறதே, சாமி” என்று மெல்லச் சொல்லி அமர்ந்தான். அவ்வாண்டு முழுவதும் அவன் மற்றொரு வினா எழுப்பவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, ஒரு நூலகத்தில் பெரிய வேதியியல் நூல் ஒன்றைப் புரட்டியபோது திடுக்கிட்டோம். 1967இல் சல்லிவன் என்னும் அறிஞர், வெப்பத்தால் அயோடின் மிகுதியாகப் பிரியாத வெப்பநிலைகளில், ஒளியைப் பாய்ச்சி அயோடின் அணுக்களை உண்டாக்கினார். வினையின் வேகம் அவ்வணுச் செறிவின் வர்க்கத்திற்கு ஏற்பவே உயர்ந்தது. நம் மாணவன் எழுதிய வழிக்குச் சோதனையே சான்று பகர்ந்தது! கதை அத்தோடும் முடியவில்லை. அச்சான்றும் பழைய வழியை அறவே விலக்கப் போதாது என 1974இல் ஹாம்ஸ், விடோம் என்னும் இருவர் வாதிட்டனர்.

வேக விதி ஒரு வழியைப் பொய்யென்று தள்ள வல்லது. மெய்யென்று முத்திரையிட வல்லதன்று. இருவேறு வழிகள் ஒரே விதியைத் தரக்கூடும். அவற்றைப் பிரித்தறிய, ஒளியைப் பாய்ச்சுவது போன்ற புதிய சோதனை வேண்டும். இதனை அறியாமல், ஒத்துவந்த ஒன்றையே உண்மையென்று சாதித்து, ஒத்துவந்த மற்றொன்றைச் சுழியாக்கினோம்.

அம்மாணவனைத் தேடிச் சென்றோம். பக்கத்து ஊரில் மின்சாதனக் கடை வைத்திருந்தான். “தம்பி, அன்று நீ எழுதியது தவறன்று. தவறு நம்முடையது” என்றோம். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தேநீர் வரவழைத்துத் தந்தான். சற்றுநேரம் கழித்து, “என்ன எழுதினேன் என்பதே மறந்துவிட்டது, சாமி. எல்லாரும் சிரித்தது மட்டும் மறக்கவில்லை” என்றான். மறுமொழி கூற நமக்கு வாய்க்கவில்லை.

இதனை அம்மாணவியிடம் சொன்னோம். தந்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் தன் ஏட்டில் எழுதிய ‘நிரூபணமான வழி’ என்பதை அடித்துவிட்டு, ‘சோதனையோடு முரண்படாத வழி’ என்று எழுதிக்கொண்டாள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை நூலில் இல்லாத விடையொன்றைக் கொண்டுவந்தால், சிவப்பு மையைச் சற்று ஒதுக்கி வையுங்கள். “எந்தப் படி வழியாக இங்கே வந்தாய்?” என்று கேளுங்கள். படி தவறாயின் அங்கே திருத்தலாம். சரியாயின், நாமும் ஒன்று கற்றுக்கொள்ளலாம்.