மட்டாஞ்சேரியின் பாட்டேடுகள்

கேரளத்தில் பிழைப்பு நாடி வந்த நம்மவருள் மட்டாஞ்சேரியைக் காணாதார் சிலரே. எர்ணாகுளத்தில் படகேறிக் கோட்டைக் கொச்சித் துறையில் இறங்கி, மிளகும் சுக்கும் மணக்கும் பஜார் ரோடு வழியே சென்றால் யூதத் தெருவை அடையலாம். தெருக்கோடியில் 1568-ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூதர் ஜெபாலயம் நிற்கிறது. தரையெங்கும் சீனத்து நீலவண்ண ஓடுகள். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அளித்த செப்பேடு இவ்வாலயத்துச் செல்வமாகும். அதன் எழுத்து நம் பழைய வட்டெழுத்தே.

கட்டடம் இருக்கிறது, வழிபடுவோர் இல்லை. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின், கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். இன்று இத்தெருவில் எஞ்சியோர் மிகச் சிலர். பத்து ஆடவர் கூடினாலன்றி முழுமையான கூட்டு வழிபாடு நடத்துவது அவர்தம் மரபன்று.

ஆயினும் அவர்கள் கொண்டுசென்ற செல்வம் ஒன்றுண்டு. கொச்சி யூதப் பெண்டிர் திருமணத்திலும் திருநாளிலும் மலையாளத்தில் பாட்டுப் பாடுவர். அவற்றைத் தம் கைப்பட ஏடுகளில் எழுதி வைத்தனர். புதிய நாட்டில் பிள்ளைகள் எபிரேய மொழியில் வளர்ந்தனர். ஏடுகள் பெட்டிக்குள் உறங்கின. 1970-களில் ஆய்வாளர் தேடி வந்தபோது, மூதாட்டியர் அவற்றை வெளியே எடுத்து மீண்டும் பாடினர். 2005-இல் ஜெருசலேமில் ஸ்கறியா சக்கரியா, ஒஃபிரா கம்லியேல் இருவரும் அவற்றுள் சிலவற்றை எபிரேய மொழிபெயர்ப்புடன் நூலாக வெளியிட்டனர். நூலின் பெயர் 'கார்குழலி'. பாடிய பாட்டியரின் பேரர்க்கு இச்சொல்லின் பொருளை விளக்க வேண்டும், நமக்கு வேண்டுவதில்லை!

ஒன்றை நாம் கருத வேண்டும். ஏட்டிலிருந்த பாடல்கள் பலவற்றிற்கு மெட்டு மறைந்துபோயிற்று. சொல்லைக் காகிதம் காத்தது. இசையைக் காக்கப் பாடும் வாய் வேண்டியிருந்தது.

அருகிலுள்ள வெளி என்னும் இடத்தில் நம் தமிழரே நடத்தும் சலவைத்துறையைக் காணலாம். டச்சுக்காரர் தம் படையினரின் உடை வெளுக்க அழைத்து வந்தோரின் வழியினர் அவர்கள். இன்றுள்ள கட்டடம் 1976-இல் அமைந்தது. கஞ்சி போட்ட துணியை முறுக்கிய இரு கயிறுகளுக்கிடையே செருகி, கவ்வி ஏதுமின்றி உலர்த்துகின்றனர். இவ்வித்தை எந்த ஏட்டிலும் இல்லை. தந்தை கையைப் பார்த்து மகன் கை கற்றது. மகன் வேறு வேலைக்குச் சென்றால் அதுவும் அன்றோடு நிற்கும். செல்லாதே என்று சொல்ல நமக்கென்ன உரிமை? நாமும் தந்தையர் தொழிலை விட்டு வந்தவர்களே.

ரயில்வே குமாஸ்தாவாகிய என் வீட்டில் நான்காம் வகுப்பு படிக்கும் மகள் மலையாளமும் ஆங்கிலமும் அழகாக எழுதுவாள். தமிழ் பேசுவாள், படிக்க அறியாள். என் தாயார்க்குத் தெரிந்த நலங்குப் பாட்டும் தாலாட்டும் எழுத்தில் இல்லை. தாயார்க்கு வயது எழுபத்திரண்டு.

சங்கத்துக் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தியே தமிழில் எழுதட்டும். எழுதியதைப் பாட்டியின் முன் பாடிக் காட்டட்டும். மெட்டு தவறினால் திருத்தப் பாட்டி இருக்கும்போதே இது நடைபெற வேண்டும்.