செம்பிலிருந்த பேர்

பழைய பித்தளையில் லேசர் ஏறாது என்று பக்கத்து வீட்டு மாமிக்கு நான் சொன்னது பாதி உண்மை. அந்தச் செம்பிலிருந்த பேர் முந்தியே தேய்ந்துபோயிருந்தது என்று சொன்னது முழுப்பொய்.

மகளின் கலியாணத்துக்கு நிறைகுடம் வைக்க எடுத்த செம்பு அது. மணமக்களின் பேரும் திகதியும் அதில் பொறித்துத் தரக் கேட்டார். வீட்டில் நான் வைத்திருப்பது 5 வாட் நீல டையோட் லேசர். பலகை, தோல், சிரட்டை எல்லாம் வடிவாய்ச் சுடும். நிறம் பூசிய தண்ணீர்ப் போத்தலில் பூச்சை எரித்து எழுத்தை எடுக்கும். பித்தளை அப்படியில்லை. விழுந்த சூட்டை அந்த இடத்தில் நிற்கவிடாமல் சுற்றிவரக் கடத்திவிடும்; 5 வாட் அதற்குக் காணாது. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் "ஓம் மாமி, செய்யலாம்" என்றேன். போத்தல்களில் பேர் போட்டு அயலில் கொஞ்சம் மதிப்பு வந்திருந்த காலம். இயலாது என்று சொல்ல வாய் வரவில்லை.

உருக்குக்குச் செய்கிறமாதிரிக் கறுப்புப் பூச்சு அடித்து அதன்மேல் சுட்டேன். செம்பின் வயிறு வேறு இடைஞ்சல். லேசரோடு வரும் சுழற்றி, நேரான கிளாசைத்தான் ஒழுங்காய்ச் சுற்றும். செம்போ இரண்டு திசையிலும் வளைந்தது. கழுத்து ஒடுக்கம், வயிறு அகலம், சுற்றச் சுற்ற ஒரு பக்கமாய் நழுவும். 12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வயிற்றில் நடுவிலிருந்து 3 சென்ரிமீற்றர் தள்ளிப்போனால் பரப்பு 8 மில்லிமீற்றர் கீழே இறங்கிவிடும். ஒளி கூராய் விழுவது ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குள்தான். பள்ளிக்கூடக் கேத்திரகணிதம்தான், கணக்குப் பார்க்கவில்லை. நடு எழுத்துகள் தெரிந்தன, ஓரத்து எழுத்துகள் கலங்கிப் பரவின. துடைத்தபோது நடுவிலிருந்ததும் போனது. பூச்சு மட்டும் கருகி ஒட்டிக்கொண்டது.

அதை எடுக்கத்தான் எமரித் தாள்.

அந்தப் பக்கத்தில்தான் மாமியின் அம்மம்மாவின் பேர் இருந்தது, உளியால் புள்ளி புள்ளியாய் வெட்டியது. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் பாத்திரம் இரவல் போய்வந்த ஊரில் பேர் வெட்டாத சாமான் வீடு திரும்புமா? 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலம் தாண்டிப்போன மூட்டையில் இந்தச் செம்பும் இருந்ததாம். புளிபோட்டு மினுக்கி மினுக்கி எழுத்து மெலிந்திருந்தது. ஆனாலும் விரலுக்குத் தட்டுப்படும், வாசிக்கவும் முடியும். தேய்க்கும்போது அது மங்குவதைக் கண்டேன். நிறுத்தியிருக்கலாம். கறுப்புத் திட்டோடு திருப்பிக் கொடுக்க வெட்கமாயிருந்தது. தேய்த்து முடித்தேன்.

"பேரைக் காணேல்லையே தம்பி?"

"அது முந்தியே தேய்ஞ்சுதானே மாமி இருந்தது."

"இருக்கும். எனக்கும் இப்ப கண் தெரியிறது குறைவு" என்று தன்னிலேயே பிழையைப் போட்டுக்கொண்டார். செம்பு புதுசுமாதிரி மினுங்குது என்று காசும் தந்தார். வாங்கிக்கொண்டேன்.

வேலை தொடங்குமுன் அளவுக்காக எடுத்த படமொன்று என் போனில் இருக்கிறது. பேர் அதில் தெளிவாய்த் தெரிகிறது. அதைப் பார்த்து, கையால் பேர் வெட்டுகிற ஒருவர் அதே இடத்தில் திரும்ப வெட்டித் தரலாம். கூலியை நான் கொடுக்கலாம். ஆனால் படத்தைக் காட்டினால் தேய்ந்திருந்த கதை அந்த இடத்திலேயே விழுந்துவிடும். கலியாணமும் முடிந்துவிட்டது. மாமிக்கு இன்னும் அதை அனுப்பவில்லை.