ஒடிந்த அச்சு யார் கணக்கில்?

லாரி ஆக்சில் ஒடிந்தால் முதலாளி முதலில் பார்ப்பது டிரைவரின் காலைத்தான். 'கிளட்ச்ச டக்குனு உட்டுட்டான்' என்பார். விசாரணை அதோடு முடிந்தது. எங்கண்ணன் விஷயத்திலும் அப்படித்தான். திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிப் பள்ளத்திலிருந்து புதுச்சேரிக்கு ஜல்லி ஏற்றிக்கொண்டு மேடேறும்போது டிப்பரின் ஆக்சில் ஷாப்ட் ஒடிந்தது. ஆறு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஊர்த்தெருவுக்குப் போய் வாசலில் நின்று கேட்ட எங்கம்மாவுக்கு, 'உங்க ஆளுங்களுக்கு மாட்டுவண்டிதான் சரி' என்று பதில் வந்தது.

மாட்டுவண்டிக்காரன் மட்டும் என்ன விவரம் கெட்டவனா? எம்.ஏ. தமிழில் படித்த புறநானூறு 102ஆம் பாட்டில், பாரம் ஏற்றிய வண்டி மேடு பள்ளத்தில் என்னாகுமோ என்று உப்பு வணிகர்கள் அடியில் ஒரு சேமஅச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஔவையார் பாட்டு. ஏற்றியவனுக்கே தெரிந்திருக்கிறது அச்சு ஒடியும் என்று. இன்றைக்கு டிரைவர் சம்பளம்தான் முதலாளிக்குச் சேமஅச்சு.

லாரிக்குள்ளே நடப்பதை மேட்டுப்பாளையம் லாரி முனையத்துப் பக்கம் இருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணன் கையில் சாக்பீஸ் வைத்துக்கொண்டு சொன்னார். என்ஜினின் முறுக்கை கியர் பாக்ஸ் ஒருதரம் பெருக்குது, பின்னாடி இருக்கிற கிரௌனும் பினியனும் இன்னொருதரம் பெருக்குது. பஸ்ட் கியரில் 7 மடங்கு என்று வைப்போம். பினியனில் 6 பல், கிரௌனில் 41 பல் என்றால் அது ஏறக்குறைய 6.8 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 48. என்ஜின் 48 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. வேகம் குறைந்த அளவுக்கு இழுவை கூடும். டாப் கியரில் கியர் பாக்ஸ் பெருக்காது, கிரௌன் மட்டும்தான். பினியனில் 7 பல் போட்டால் சமவெளியில் ஓட்டமும் டீசல் மிச்சமும் முதலாளிக்கு. மேட்டில் இழுவை குறையும். அதை டிரைவர் கிளட்ச்சில் ஈடுகட்டணும்.

'இந்த 48 மடங்கு முறுக்கும் கடைசியில எங்க போவுது? ரெண்டு ஆக்சில் ஷாப்டுக்குத்தான். காலி வண்டின்னா டயர் வழுக்கி உட்டுடும், ஷாப்ட் தப்பிச்சிக்கும். லோடு அமுக்கிப் புடிச்சா டயர் வழுக்காது, ஷாப்ட்தான் முறுங்கும்.' டிரைவர் கிளட்ச்சை வெடுக்கென விட்டாலும் ஒடியும்தான், அவர் மறைக்கவில்லை. ஆனால் ஒடிந்த முகத்தைப் பாரு என்றார். அண்ணன் வண்டி ஷாப்டின் முகத்தில் பாதிக்குமேல் கறுத்து வழவழவென்று இருந்தது. மிச்சம்தான் புதுசாக, சொரசொரப்பாகப் பளபளத்தது. கறுத்த பாதி முன்பே விரிசல் விட்ட இடம். லோடுக்கு லோடு கொஞ்சம் கொஞ்சமாக ஓடிய விரிசல். அன்றைக்கு மட்டும் அண்ணன் கால் என்ன செய்துவிடும்?

ஆறு சக்கர லாரி, வண்டியும் சரக்குமாக 16.2 டன் போகலாம் என்றிருந்ததை 2018 ஜூலையில் 18.5 டன் ஆக்கினார்கள். அதற்கு மேலே ஏற்றினால், 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 113ஆம் பிரிவு 4ஆம் உட்பிரிவை மட்டும் யாரும் பேசுவதில்லை. ஓட்டியவர் உரிமையாளர் இல்லையென்றால், உரிமையாளருக்குத் தெரிந்தே, அல்லது அவர் உத்தரவுப்படியே கூடுதல் பாரம் ஏறியது என்று நீதிமன்றம் கொள்ளலாம் என்கிறது அது. சட்டமே முதலாளியைக் கைகாட்டுகிறது. நம்ம ஆளுங்கதான் டிரைவர் சீட்டில் இருப்பதால் கைகாட்டுவது நம்மைத்தான்.

இந்தப் பிரிவைத் தமிழில் எழுதி நகலெடுத்து லாரி டிரைவர்களிடம் கொடுத்துவருகிறோம். எடைமேடைச் சீட்டை ஒவ்வொரு நடைக்கும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஷாப்ட் ஒடிந்தால் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்றும் சொல்கிறோம். போன வாரம் ஒரு டிரைவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: 'சீட்டு கேட்டேன்னு தெரிஞ்சா நாளைக்கி சாவி எவன் கையில இருக்கும், சொல்லு தம்பி?'