கறுப்பு வெள்ளையில் ஒரு காடு

1993-இல் அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவில் டிவி இருந்த வீடுகள் ரொம்பக் கம்மி. பிள்ளைகளை விரட்டாமல் உள்ளே விட்ட வீடு ஒன்றே ஒன்றுதான், எதிர்வீட்டு ஆச்சி வீடு. மரப்பெட்டிக்குள் இருக்கிற சாலிடேர் கறுப்பு வெள்ளை டிவி. முன்பக்கம் இழுத்து மூடுகிற கதவு, மேலே ஆச்சி கையால் பின்னிய விரிப்பு, அதற்கும் மேலே ஒரு பிள்ளையார். மொட்டைமாடியில் ஆண்டெனா கொடைக்கானல் கோபுரத்தைப் பார்த்து வடக்கே நிற்கும். சாரல் மாதத்தில் மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கினால் கம்பம் தானாகத் திரும்பிக்கொள்ளும். உடனே ஒருவன் மாடிக்கு ஓடுவான், ஒருவன் படிக்கட்டில் நிற்பான், மீதிப் பேர் உள்ளேயிருந்து கத்துவோம்.

“வந்துட்டா?”

“இல்லல, இன்னும் கொஞ்சம் திருப்பு!”

“போதும், போதும், கைய எடுத்துராத!”

கையை எடுத்தால் படம் போய்விடும். ஆகவே மாடிக்குப் போனவனுக்கு அந்த வாரம் மௌக்லி கிடையாது. யார் போவது என்று சனிக்கிழமை ராத்திரியே சாட் பூட் த்ரீ போட்டு முடிவு செய்துவிடுவோம்.

தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் ஞாயிறு காலை வந்த ‘ஜங்கிள் புக்’, ஓநாய்கள் வளர்த்த மௌக்லி என்கிற பையனின் கதை, முழுக்க இந்தி. எங்களில் ஒருவருக்கும் இந்தி ஒரு சொல் தெரியாது. அது ஒரு குறையாகவே படவில்லை. முகப்புப் பாட்டை ஆளுக்கொரு உச்சரிப்பில் பாடுவோம், ராகம் மட்டும் பிசகாது. குல்சார் எழுதி, விஷால் பரத்வாஜ் இசையமைத்த பாட்டு அது என்றெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? பாட்டு முடிந்ததும் அமைதியாகிவிடுவோம். பேச்சு புரியாததால் கண்ணைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ஓநாயின் காது பின்னால் மடிந்தால் கோபம், வால் இறங்கினால் பயம், புல் அசைந்து காற்று நின்றால் ஷேர்கான் என்கிற புலி பக்கத்தில் இருக்கிறான். இப்படி ஒரு காட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். முடிந்த பிறகு ஆற்றங்கரைக்குப் போகிற வழியெல்லாம் ஆளுக்கொரு வசனம் தமிழில் சொல்லிக் கதையை முழுசாக ஒருமுறை நடத்துவோம்.

கிச்சி என்று ஒரு குட்டி விலங்கு மௌக்லியோடு திரியும். அது என்ன விலங்கு என்பதில் தீராத வழக்கு. மரநாய் என்றான் ஒருவன், பெரிய அணில் என்றாள் ஒருத்தி. மௌக்லி கையில் இருக்கிற பூமராங் மாதிரி பனைமட்டையைச் செதுக்கித் தாமிரபரணி மணலில் வீசுவோம். எறிந்தது ஆற்றோடு போகும், திரும்பி வந்ததே இல்லை. ஆச்சி வீட்டுத் தாத்தா அதைப் பார்த்துவிட்டு, சிவகங்கைச் சீமைக்காரர்கள் வைத்திருந்த வளரி என்கிற எறி ஆயுதத்தைப் பற்றிச் சொன்னார். புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் அதைப் பிற்பாடு நான் கண்ணாலேயே பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் பிறை மாதிரி வளைந்து, ஒரு முனை கனத்துக் கிடந்தது. அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

அந்த வருடம் ஆச்சியின் மகன் பம்பாயிலிருந்து வந்திருந்தார். தாராவியில் தோல் பட்டறை வேலை. எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போனவர்கள் ஏராளம். 1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் நடந்த கலவரத்துக்குப் பிறகு ஊர் வந்தவர் உடனே திரும்பிப் போகவில்லை. அதைப் பற்றி யாரிடமும் அதிகம் பேசவும் இல்லை. காலையில் திண்ணையில் பேப்பர் படிப்பார், மத்தியானம் தூங்குவார். எங்களுக்கு அவர் பம்பாய் மாமா, இந்தி தெரிந்த ஒரே ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை இழுத்துக்கொண்டுவந்து உட்காரவைத்தோம்.

ஓநாய்கள் பாறையில் கூடியிருந்தன. “மாமா, என்ன சொல்லுதானுவ?” என்றோம். “இந்தப் பயல கூட்டத்துல வச்சுக்கலாமா, வெரட்டிரலாமான்னு பேசுதானுவ” என்றார். அடுத்து இன்னொரு ஓநாய் பேசியது. “இது என்ன சொல்லுது மாமா?” பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் மாமா முழங்காலைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மறுபடியும் கேட்டோம். “சும்மா இருங்கல, கேப்போம்” என்றார்.

அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பு அந்த ஒரு வரிதான். ஆனால் அடுத்த வாரம் கூப்பிடாமலே வந்தார். அதற்கடுத்த வாரம் எங்களுக்கு முன்பே பாயை விரித்து உட்கார்ந்திருந்தார். காற்றடித்த ஒரு காலையில் மாடிக்குப் போகும் முறை என்னுடையதாக இருந்தபோது, “நீ பாருல” என்று சொல்லிவிட்டு அவரே ஏறிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வயதைத் தாண்டிய மனிதர். மேலேயிருந்து, “ஷேர்கான் வந்துட்டானா?” என்று அவர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஷேர்கானுக்குக் குரல் கொடுத்தவர் நானா படேகர். கத்தாமல், அவசரமே இல்லாமல் பேசுகிற அந்தக் குரல் மாமாவுக்கு ரொம்பப் பிடிக்கும். “பம்பாய்க்காரக் குரல்டே” என்பார்.

பெரியவர்கள் கார்ட்டூன் பார்ப்பதைக் கேலி செய்கிறவர்களிடம் நான் சொல்வது அவரைப் பற்றித்தான். ஒரு மனிதக் குட்டியைச் சேர்த்துக்கொள்வதா, துரத்துவதா என்று ஒரு கூட்டம் வாதாடுவதை ஊரைவிட்டு ஓடிவந்த ஒருவர் அப்படி உட்கார்ந்து பார்த்தார். அதைச் சின்னப்பிள்ளைச் சமாச்சாரம் என்று ஒதுக்க எனக்கு வாய் வரவில்லை.

வளர்ந்து வேலைக்கு வந்த பிறகு அந்த 52 அத்தியாயங்களையும் தேடிப்பிடித்து முதல்முறையாக வண்ணத்தில் பார்த்தேன். இப்போதும் வேலை முடிந்து ராத்திரி ஒன்றிரண்டு போட்டுப் பார்ப்பது வழக்கம். கிச்சி ஒரு செம்பாண்டா! இமயமலைப் பக்கத்துப் பிராணி. கதை நடக்கிற மத்தியப் பிரதேசத்துச் சிவனிக் காட்டில் அதற்கு வேலையே இல்லை. இருக்கட்டும், அந்தச் சிவப்பு வால் இல்லாத மௌக்லியை என்னால் நினைக்க முடியாது.

ஜப்பானில் நிப்பான் அனிமேஷன் 1989-90-இல் எடுத்த தொடர் இது. மூலக்கதையின் ஆசிரியர் கிப்ளிங் பம்பாயில் பிறந்தவர், ஆனால் 1894-இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தை எழுதியது அமெரிக்காவின் வெர்மான்ட் குளிரில். அதை டோக்கியோ ஓவியர்கள் வரைந்து, இந்தியில் பேசவைத்து, பொதிகை அடிவாரத்தில் நாங்கள் தமிழில் கதைகட்டிப் பார்த்தோம். அத்தனையும் கையால் வரைந்து, கண்ணாடித்தாளில் வண்ணம் தீட்டிப் படம்பிடித்தது. வாராவாரம் ஒன்று முடித்துக் கொடுக்க வேண்டும் என்பதால் அசைவுகளை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஒரே முகம் நாலைந்து நொடி அசையாமல் நிற்கும், பின்னால் காட்டின் ஓவியம் மெல்ல நகரும். சிக்கனத்துக்காகச் செய்ததுதான். ஆனால் அந்த நிதானம்தான் எங்களை முகம் பார்க்க வைத்தது.

டிஸ்னியின் 1967 படம் எனக்கும் பிடிக்கும், ஆட்டமும் பாட்டும் அருமை. ஆனாலும் ஜப்பானியர்களின் தொடரை அதற்கு ஒரு படி மேலேதான் வைப்பேன். டிஸ்னியில் கா என்கிற மலைப்பாம்பு வஞ்சகன். கிப்ளிங்கிடமும் இந்தத் தொடரிலும் அவன் மூத்த அறிவாளி, மௌக்லிக்குத் துணை. ஆச்சி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துப் பாம்பைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அவளுக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. பசியும் சாவும் பயமும் இந்தக் காட்டில் உண்டு, பிள்ளைகளிடம் எதையும் மறைக்கவில்லை. 2016-இல் டிஸ்னி புதிதாக எடுத்த படம் இங்கே வந்தபோது, இந்திப் பதிப்பில் ஷேர்கானாக மறுபடியும் நானா படேகரைத்தான் பேசவைத்தார்கள், குல்சாரின் பழைய பாட்டையும் புதிதாகப் பதிவு செய்தார்கள். 93-இன் பிள்ளைகள் அதை விட்டுவிடவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சின்ன வயதில் மௌக்லியின் காட்டை நாங்கள் தேடியது எங்கள் ஊருக்கு மேற்கேதான். களக்காடு முண்டந்துறை 1988-இலேயே புலிகள் காப்பகமாகிவிட்டது. புலி உண்டு, கரடி உண்டு, சிறுத்தை உண்டு, சிங்கவால் குரங்கு உண்டு, காணிக்காரர்களின் குடியிருப்புகள் உண்டு. அவர்கள் சொல்லும் கதைகளுக்கும் பஞ்சமில்லை. சென்னையில் உட்கார்ந்து வெளிநாட்டுத் தொடர்களுக்கு அசைவூட்டும் இளைஞர்களும் இருக்கிறார்கள். தமிழில் தொலைக்காட்சி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் காட்டை வைத்து, அவசரப்படுத்தாமல் ஒரு தொடர் எடுங்கள். 52 வாரம் ஓடட்டும். எங்கள் வயதுக்காரர்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிறோம்.