கூரை மேல் நிற்பவருக்கு என்ன ஜாமீன்?

அகமதாபாத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து எனக்கு வாய்த்த வேலைகளில் ஒன்று ஸ்டாக் இன்ஸ்பெக்ஷன். கடன் வாங்கிய கம்பெனியின் குடோனுக்குப் போய், காகிதத்தில் காட்டிய சரக்கு நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வட்வா, நரோடா பக்கம் போனால் வரிசையாக ஷெட்டுகள். பல ஷெட்டுகளுக்கு சிமென்ட் ஷீட் கூரைதான். மழைக்கு முன்னால் போனால் யாராவது மேலே ஏறி ஒழுகலை அடைத்துக்கொண்டிருப்பார். காலில் ரப்பர் செருப்பு, தலையில் துண்டு. அவ்வளவுதான் பாதுகாப்பு.

கீழே இருக்கும் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று நான் கேட்டே ஆக வேண்டும். மேலே இருக்கும் ஆளைப் பற்றிக் கேட்க என் ஃபாரத்தில் கட்டமே கிடையாது!

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன் (பி.காம். புத்தி, விதிப்புத்தகம் என்றால் விடாது). உயரத்தில் வேலை செய்பவர் விழாதபடி வேலியோ வேறு ஏற்பாடோ வேண்டும் என்று 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-வது பிரிவிலேயே இருந்தது. உடையக்கூடிய கூரை, உடைந்தால் 3 மீட்டருக்கு மேல் விழ வேண்டிவரும் என்றால், பலகையோ ஏணியோ போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும் என்று பல மாநில விதிகள் சொல்லின. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. ஆக, சட்டத்துக்கு என்றைக்குமே பஞ்சமில்லை.

பலகை எதற்கு? சிமென்ட் ஷீட் வளைந்து எச்சரிக்காது, பட்டென்று உடையும். பலகை ஆளின் எடையை அடியில் இருக்கும் இரும்புச் சட்டங்களுக்குக் கடத்திவிடும். வெளிச்சத்துக்காக நடுநடுவே போட்ட பிளாஸ்டிக் ஷீட் இன்னும் மோசம். தூசி படிந்தால் எது எதுவென்றே தெரியாது.

"பெல்ட் கட்டியிருக்காரே சார்" என்பார்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட், விழும்போது மொத்த உதறலையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறக்கும். அமெரிக்காவில் கட்டுமான வேலைகளில் விழுபவரைத் தாங்க அந்த பெல்ட்டை 1998 முதல் தடை செய்துவிட்டார்கள். தோள், தொடை எல்லாம் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னஸ்தான் வேண்டும்.

அதையும் எங்கே மாட்டுவது? ஒரு சின்னக் கூட்டல் கணக்கு. காலடி மட்டத்தில் கொக்கி மாட்டியிருக்கிறார். கயிறு 1.8 மீட்டர். அதிர்ச்சி தாங்கும் பட்டை விரிய சுமார் 1 மீட்டர். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5. கையிருப்பாக இன்னொரு 1. மொத்தம் 5.3 மீட்டர். ஷெட்டின் உயரம் 4 மீட்டர் என்றால்? பெல்ட்டோடு தரையில்தான் விழுவார். அதனால்தான் விளிம்பு வரைக்கும் போகவே விடாத குட்டைக் கயிறு இன்னும் நல்லது என்கிறார்கள்.

இதெல்லாம் ஃபேக்டரி சமாச்சாரம், நமக்கென்ன என்கிறீர்களா? 2024 பிப்ரவரியில் பிரதமரின் வீட்டு சோலார் திட்டம் வந்த பிறகு, அதற்கான கடன் விண்ணப்பங்கள் என் மேஜைக்கும் வருகின்றன. நம்மில் பலர் ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்குப் பேனல் போட இங்கிருந்தே போனில் ஏற்பாடு செய்கிறோம். "மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவர் இருக்கே" என்று நினைப்போம். மாடியில் துணி காயப்போட இடம் வேண்டும் என்று பேனலை ஆள் உயரத்துக்கு மேல் ஸ்டாண்ட் கட்டி ஏற்றச் சொல்வதும் நாம்தான். அந்த ஸ்டாண்டில் நிற்பவருக்குக் கைப்பிடிச் சுவர் காலுக்குக் கீழே போய்விடுகிறது.

கொட்டேஷனில் பேனலுக்கு எத்தனை வருஷ வாரண்டி, சப்சிடி எவ்வளவு என்று கேட்கிறோம் இல்லையா? கூடவே இதையும் கேளுங்கள். ஹார்னஸ் உண்டா? கொக்கி மாட்ட உறுதியான இடம் எது? மழையிலும் பலத்த காற்றிலும் வேலையை நிறுத்துவீர்களா? லட்சக்கணக்கில் செலவாகும் வேலையில் ஹார்னஸுக்கு ஆவது சில ஆயிரம்தான்.

ஊரில் அம்மாவிடமும் போனில் சொல்லிவையுங்கள்: "தம்பி, கொக்கியை எங்கப்பா மாட்டப்போறே?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் ஏறச் சொல்லட்டும்.