பட்டை மாட்டாத எலி

திருக்கழுக்குன்றம் தாண்டி ஏரிப் பாசன வயலுக்குள் இறங்கியபோது காலை ஏழு மணி. அறுவடை முடிந்து அரிதாள் மட்டும் நின்றது. என் கையில் மீன்முள் மாதிரி கிளைவிட்ட ஆன்டெனா. காட்டுயிர் ஆய்வாளரான நண்பர் கொடுத்தது. முன்னால் நடந்த இருளர் பெரியவர் கையில் ஒரு கடப்பாரை. அவர் மனைவியின் தோளில் ஒரு பை.

பழைய டிரான்ஸ்மிட்டர் ஒன்றை டப்பாவில் போட்டு வரப்போரம் எங்கோ புதைத்திருந்தார் நண்பர். எலிக்குக் கழுத்துப்பட்டையாக மாட்டவில்லை, அதற்கு அனுமதி வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். டப்பாவைத் தேடுவதுதான் என் வேலை. ரிசீவரை முடுக்கியதும் 'டிக் டிக்' என்றது. ஆன்டெனாவைச் சுற்றினால் ஒரு திசையில் ஒலி உரக்கும். அதைக் குறித்துக்கொண்டு, தள்ளிப் போய் நின்று இன்னொரு முறை பார்க்க வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விலங்கு. அமெரிக்காவின் இல்லினாயில் காக்ரன், லார்டு என்ற இருவர் முயல்களுக்கு டிரான்ஸ்மிட்டர் மாட்டிப் பார்த்து 1963இல் எழுதியது இந்த முறையைத்தான்.

நான் கால் மணி நேரம் மோட்டார் கொட்டகையையே சுற்றி வந்தேன். தகரக் கூரையில் பட்டுத் திரும்பிய அலையாம். "எலி வூட்ல இல்ல போல சார்" என்று அந்த அம்மா சிரித்தார்.

சின்ன விலங்குகளில் எடைதான் தொல்லை. மாட்டும் கருவி விலங்கின் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஆய்வாளர்களின் வழக்கம். கால் கிலோ கரம்பை எலிக்கு 12 கிராம் வரை மாட்டலாம். வயல் சுண்டெலி இருப்பதே 10 கிராம். அதற்கு அரை கிராம்தான். பேட்டரி சிறுத்தால் அதன் ஆயுளும் சிறுக்கும்.

பெரியவர் முதல் வளையருகே குந்தினார். வாயில் புது மண் குவிந்து, உள்ளிருந்து அடைத்திருந்தது. கரம்பை எலி உள்ளே போனதும் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொள்ளும். ஒரு கட்டியை எடுத்து நெரித்தார். ஈரம் விரலில் ஒட்டியது. "ராத்திரி தள்ளுனது. உள்ளதான் கீது." பக்கத்து வளையின் வாயில் சிலந்தி நூல் கட்டியிருந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவதில் நின்றுவிட்டார். வாயின் அடிப்பக்கம் மெழுகியது போல வழவழப்பு. புழுக்கை ஒன்றுகூட இல்லை. புல்லிடுக்கிலிருந்து நகம் அளவு சட்டைத் துணுக்கை எடுத்துக் காட்டினார். "வூடு எலியோடதுதான் சார். குடியிருக்கறது நல்லது."

நல்லது என்றால் நல்ல பாம்பு. நான் இரண்டடி பின்னால் போனேன். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பது வனத்துறை தரும் அனுமதியைப் பொறுத்தது. அவர் அதை அப்படியே விட்டு நகர்ந்தார்.

பாம்புத்தோல் வணிகம் தடைபட்டுப் பிழைப்பு போன இருளர்களுக்காக, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் 1978இல் உருவானது பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றை மண்பானையில் 21 நாள் வைத்து, நான்கு முறை விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். விடுமுன் அடிவயிற்றுச் செதிலில் ஒரு வெட்டு. பிடிபட்ட பாம்பே உடனே மறுபடி பிடிபடாமலிருக்க அந்த அடையாளம். பேட்டரி தேவைப்படாத கழுத்துப்பட்டை என்று அதைச் சொல்லத் தோன்றுகிறது எனக்கு.

இந்தச் சங்கத்துக்காரர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்பைக் கண்டுபிடிக்க முடியாமல் அங்குள்ளவர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள் பிடிபட்டன. அவற்றில் சில கீ லார்கோ தீவில், பழைய ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டில் கிடைத்தவை. இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதே தீவில் 2022இல் ரக்கூன், ஒப்போசம் போன்ற சிறு பாலூட்டிகளுக்கு ரேடியோ பட்டை மாட்டியிருந்தார்கள். அவற்றின் நடமாட்டத்தை அறியத்தான். பாம்பு பற்றிய ஆய்வே அல்ல. ஒரு ஒப்போசத்தின் பட்டை 'செத்துவிட்டது' என்று குறி காட்டியது. கொஞ்ச நேரத்தில் செத்த விலங்கு நகர ஆரம்பித்தது! ஒலியைத் தொடர்ந்து போனால், 12 அடி மலைப்பாம்பின் வயிற்றுக்குள் பட்டை. கருவி அன்று நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இரை உள்ளே போன பிறகுதான் அது பாம்பைக் காட்டியது. பொந்தின் வாயைப் பார்த்தே பாம்பு இருப்பதைச் சொல்ல, எனக்குத் தெரிந்து, பெரியவர் போன்றவர்களால்தான் முடிகிறது.

டப்பா? அதைக் கண்டுபிடித்ததும் அவர்தான். வரப்பில் ஓரிடத்தைக் கடப்பாரை முனையால் தொட்டார். "இங்க மண்ணு எலி நோண்டுன மாதிரி இல்ல, மனுசன் நோண்டுனது." அதற்குள் முதல் வளையில் எலி பிடிபட்டிருந்தது. அது சேர்த்து வைத்திருந்த கதிர்கள் அந்த அம்மாவின் பையில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தன.

ஆன்டெனாவோடு இந்தப் பக்கம் வரும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவர்களைக் கட்டுரையின் கடைசியில் 'உள்ளூர் உதவியாளர்' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். ஆசிரியர் வரிசையில் பெயரைப் போடுங்கள். இனிஷியல் என்ன என்று கேட்டுக்கொண்டு போடுங்கள்.